உமிக்கரியும் உழவும்

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியை ஒட்டி ஸ்ரீவராகம் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. வராகமூர்த்தியின் பழைய கோயிலும் அதனை அடுத்துப் பரந்து கிடக்கும் பெரிய குளமும் அவ்விடத்துக்குப் பெயரும் பெருமையும் தந்தவை. நீரில் ஆழ்ந்த பூமியை வராகம் தன் மருப்பில் ஏந்தி மேலே கொணர்ந்தது என்பது புராணம். அந்தப் பெயரைத் தாங்கிய இடத்தில் குடியிருந்துகொண்டு மண்ணைப் பற்றிப் பேசுவது பொருத்தமே என்று எண்ணி இந்தப் பேச்சைத் தொடங்குகிறோம்.

மத்திய அரசாங்க அலுவலில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் நமக்குச் சொற்கள்தாம் கருவி. சில காலத்துக்கு முன்பு வேளாண்மை பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்று நம் மேஜைக்கு வந்தது. அதில் அடிக்கடி வந்த ஒரு சொல் 'பயோசார்' என்பது. உயிர்ப்பொருளைப் பிராணவாயு குறைந்த நிலையில் சுட்டுக் கரியாக்கி மண்ணில் இடுவது என்று அதற்கு விளக்கம் தரப்பட்டிருந்தது. 'உயிர்க்கரி' என்று தமிழில் இக்காலத்தில் எழுதுகிறார்கள். நாமும் அவ்வாறே எழுதிவிட்டு வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் கிணற்றடியில் ஒரு பழைய டப்பா கண்ணில் பட்டது. வீட்டுக்குச் சொந்தக்காரரின் தாயார் பல் துலக்க வைத்திருக்கும் உமிக்கரி அது. நெல் உமியைக் குவித்து நெருப்பிட்டு, அது வெண்சாம்பலாகிவிடும் முன்னரே நீர் தெளித்து அணைத்தால் கிடைக்கும் கருமையான கரி. உப்பும் மிளகும் சேர்த்துக் கேரளத்து வீடுகளில் பல தலைமுறைகளாகப் பல் துலக்கி வந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டிமார்களும் இதை அறியாதவர்கள் அல்லர். அகராதிகளில் நாம் தேடிய பொருள் கிணற்றடி மாடத்தில் இருந்தது!

உமிக்கரி பல்லுக்கு ஆகும், மண்ணுக்கு ஆகுமா? ஆகும் என்றால் நம் முன்னோர் அதை அறிந்திருந்தார்களா? அறிந்திருந்தால் அது ஏன் மறைந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிச் செல்லும்போது ஒரு நீண்ட வரலாறு நம் முன்னே விரிகிறது. கேரளத்துச் செம்மண்ணிலிருந்து அமேசான் காடு வரையிலும், குறிஞ்சி நிலத்துப் புனத்திலிருந்து ஆலுவாய் உரத் தொழிற்சாலை வரையிலும் அது பரந்து கிடக்கிறது.

முதலில் சாம்பலுக்கும் கரிக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காற்று தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் விறகையோ வைக்கோலையோ எரித்தால் அதிலுள்ள கரிப்பொருள் கரியமில வாயுவாக மாறி வானில் கலந்துவிடுகிறது. தழைச்சத்து என்று நாம் வழங்கும் நைட்ரஜனும் ஏறக்குறைய முழுவதுமாகப் புகையோடு போய்விடுகிறது. எஞ்சி நிற்பது சாம்பல். அதில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு, தழைச்சத்து இல்லை. காற்றைக் குறைத்துச் சுட்டாலோ, வாயுக்களும் தாரும் வெளியேறிய பின்பு கரிப்பொருளில் ஒரு பகுதி நுண்துளைகள் நிறைந்த கரியாக நின்றுவிடுகிறது. மண்ணில் இட்ட சாம்பல் சில மழைகளிலேயே கரைந்துவிடும். கரியோ நூற்றாண்டுக் கணக்கில் மக்காமல் கிடக்கும். ஒன்று உடனே செலவாகும் காசு, மற்றொன்று தலைமுறை தாண்டும் பாத்திரம்.

இந்த வேற்றுமையை அறியாமல் நாமே ஒருமுறை இழப்புக்கு ஆளானோம். மொட்டைமாடியில் தொட்டிகளில் வெண்டை பயிரிட்டிருந்தோம். விரைவில் வளரட்டும் என்ற ஆவலில் ஒரே நாளில் அடுப்புச் சாம்பலையும் அம்மோனியம் சல்பேட்டையும் கலந்து இட்டு நீர் ஊற்றினோம். மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தது. இரண்டு நாளில் நாற்றுகளின் இலை நுனி கருகியது. அடுத்த வீட்டு மூதாட்டி மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, "சாரமும் வளமும் ஒரே நாளில் இடலாமோ, மக்களே?" என்று கேட்டார். சாரம் என்பது மலையாளத்தில் சாம்பல். வளம் என்பது உரம். சாம்பலின் காரத்தன்மை உரத்திலுள்ள அம்மோனியாவை வாயுவாக்கி விரட்டிவிடும் என்பதே அந்தக் கேள்வியில் பொதிந்திருந்த இரசாயனம். பட்டம் பெற்ற நமக்குத் தெரியாதது, பள்ளிப் படிப்பே பெரிதாக இல்லாத அந்த அம்மையாருக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது.

தழைச்சத்து மண்ணிலிருந்து தப்பியோடும் வழி இது ஒன்று மட்டுமன்று. கேரளத்தின் நிலமே அதற்கு இடம் கொடுக்கும் நிலம். 1800ஆம் ஆண்டின் இறுதியில் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆங்கிலக் கம்பெனியின் மருத்துவர், அங்காடிப்புரத்தில் மக்கள் மண்ணை வெட்டிக் கட்டிகளாக எடுத்து, காற்றில் உலர்த்திச் செங்கல்லைப்போல் வீடு கட்டுவதைக் கண்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்று அதற்குப் பெயரிட்டு, 1807இல் வெளியான தமது பயண நூலில் எழுதினார். இன்று உலகெங்கும் மண்ணியல் நூல்களில் வழங்கும் அந்தப் பெயர் பிறந்த இடம் அங்காடிப்புரம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1979இல் அங்கே ஒரு நினைவுக்கல்லும் நாட்டியிருக்கிறது. மலையாளிகள் வெட்டுகல் என்றும், தமிழர் செம்பூரான் கல் என்றும் சொல்வது இதனையே. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாட்டில், யுகயுகமாகச் சுண்ணாம்பும் பிற சத்துகளும் கழுவிச் செல்லப்பட்டு, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நின்ற புளிப்பு மண் இது. இதில் இட்ட உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் குறைவு.

மண் உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதையே விஞ்ஞானம் மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தது. 1850ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் தாமஸ் வே என்ற இரசாயனி, அம்மோனியம் சல்பேட் கரைந்த நீரை மண் நிரப்பிய குழாய் வழியாக விட்டார். அம்மோனியா மண்ணிலேயே தங்கிவிட்டது; கீழே வடிந்த நீரில் அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்து வெளிவந்தது. மண் ஒரு வெறும் சல்லடையன்று, ஒன்றை வாங்கி மற்றொன்றைக் கொடுக்கும் வியாபாரி என்று அன்று தெரிந்தது. ஆயினும் 1877இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், மியூண்ட்ஸ் என்ற இருவர், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன என்று காட்டினார்கள். இந்த நைட்ரேட்டை மண்ணின் களிப்பொருள் பற்றிக்கொள்வதில்லை. மழை நீரோடு அது கீழே இறங்கிக் கிணற்றையும் ஆற்றையும் அடைகிறது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் கோதுமை வயலின் வடிகால் நீரை 1860களின் பிற்பகுதியில் சோதித்து, உரத்தின் சத்து நைட்ரேட்டாக வீணே ஓடுவதை அளந்து காட்டியவர் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற இரசாயனி.

அந்த வோல்க்கரின் மகனே நம் நாட்டு வேளாண்மை வரலாற்றில் இடம்பெறும் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். 1889இல் அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் இந்தியாவுக்கு வந்து, நாடு முழுதும் சுற்றி, 1893இல் இந்திய வேளாண்மையின் முன்னேற்றம் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். இந்தியக் குடியானவன் தொழில் தெரியாதவன் என்று அந்நாளில் பலர் பேசிவந்தபோது, அவன் இங்கிலாந்தின் சராசரி விவசாயிக்குக் குறைந்தவனல்லன், சிலவற்றில் மேலானவன் என்றே எழுதிய நேர்மையாளர் அவர். அவர் கண்ட பெருங்குறை வேறு. விறகு கிடைக்காமையால் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிகிறது. நிலத்துக்குச் சேர வேண்டிய சத்து புகைபோக்கி வழியே போகிறது என்பதே அது. தந்தை வடிகால் நீரில் ஓடிய தழைச்சத்தை அளந்தார். மகன் புகையில் பறந்த தழைச்சத்தைக் கண்டார்! ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக் காடுகள் வளர்க்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார்.

அவ்வறிக்கையில் அவர் ஆராய்ந்த மற்றொரு வழக்கம் 'ராப்' என்பது. மும்பையில் வாழும் நேயர்கள் தாணே, கொலாபா மாவட்டங்களை அறிவார்கள். கொலாபா இன்று ராய்கட் எனப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மிகுந்த அந்தச் சரிவுகளில் நெல் நாற்றங்காலின்மேல் சாணம், மரக்கிளை, தழை, புல் ஆகியவற்றை அடுக்கி, மேலே மண்ணைத் தூவி, கோடையின் இறுதியில் நெருப்பிடுவார்கள். மண் மூடியிருப்பதால் சுடர் எழாமல் புகைந்து புகைந்து எரியும். அந்த இடத்தில் விதைத்த நாற்று கருத்துச் செழித்து வளரும். காடு அழிகிறதே என்று வனத்துறையார் இதனை எதிர்த்தார்கள். ராப் இல்லாமல் நாற்று வராது என்று குடியானவர்கள் வாதாடினார்கள். சாம்பலும், சுட்ட மண்ணும், அரைகுறையாக எரிந்த கரியும் கலந்த ஒரு முறை இது. இதன் பயன் நெருப்பின் சூட்டினாலா, சாம்பலினாலா, கரியினாலா என்று அக்காலத்தார் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் தமிழ் நிலத்துக்கு வருவோம். புனம் என்ற சொல் சங்க இலக்கியத்தைப் படித்தவர்க்குப் புதிதன்று. மலைவாணர் காட்டை வெட்டி எரித்துத் தினையும் ஐவன நெல்லும் விதைத்த நிலம் அது. 'கரிபுனம்' என்றே புறநானூற்றில் ஒரு சொல்லாட்சி உண்டு. எரிந்து கரிந்த அந்நிலத்தை மழைக்குப் பின் உழுது விதைத்ததை அப்பாட்டு காட்டுகிறது. மலையாளத்தில் இன்றளவும் 'புனம் கிருஷி' என்றே வழங்குகிறார்கள். கன்னட நாட்டில் குமரி, ஆந்திரத்தில் போடு, வடகிழக்கு எல்லையில் ஜூம் என்று பெயர் மாறுகிறது. திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே அகத்தியமலைச் சாரலில் வாழும் காணிக்காரர்களும் ஒருகாலத்தில் இவ்வாறே இடம் மாற்றி இடம் பயிரிட்டவர்கள். 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்ந்த ஹியூ கிளெக்ஹார்ன் இந்த எரிப்பு வேளாண்மையைக் கடுமையாக எதிர்த்தார். அரசாங்கக் காடுகளில் அனுமதியின்றிக் குமரி எரிக்கக் கூடாது என்று 1860இல் கட்டுப்பாடு வந்தது. மரங்கள் காக்கப்பட்டன என்பது மெய். மலைவாணரின் வாழ்வு முடக்கப்பட்டது என்பதும் மெய்.

ஆனால் ஒன்றை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். புனம் எரிப்பதும் உயிர்க்கரி செய்வதும் ஒன்றல்ல. திறந்த வெளியில் காடு எரியும்போது பெரும்பகுதி சாம்பலாகிறது. சிறு பகுதியே கரியாக நிற்கிறது. ஆதலின் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிலம் சோர்ந்துவிடும். மலைவாணர் வேறிடம் நாடுவர். 'எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்ததுதான்' என்று மார்தட்டிக்கொள்வது எளிது; அது வரலாறாகாது. முன்னோர் அறிந்தது எவ்வளவு, அறியாமல் விட்டது எவ்வளவு என்று அளந்து பார்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

கரியை மண்ணில் சேர்த்து நிலைத்த வளம் கண்ட மக்கள் உலகின் மறுபுறத்தில் இருந்தார்கள். 1542இல் ஸ்பெயின் நாட்டு ஒரெல்யானா என்பவர் அமேசான் நதியில் இறங்கிக் கடல் வரை சென்றார். கரையெல்லாம் மக்கள் நெருங்கி வாழும் ஊர்களைக் கண்டதாக அவருடன் சென்ற கார்வஹால் என்ற பாதிரியார் எழுதிவைத்தார். பின்வந்தவர்கள் அங்கே காட்டைத் தவிர வேறெதையும் காணவில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் மக்களை வாரிக்கொண்டு போய்விட்டன. பாதிரியார் கதை கட்டினார் என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியது. ஆனால் மண் சாட்சி சொல்லிற்று. நம் வெட்டுகல் மண்ணைப்போலவே சத்தற்ற அந்தச் செம்மண் பரப்பின் நடுவே, ஆங்காங்கே கன்னங்கரிய வளமான மண் திட்டுகள் கிடப்பதை 1870களில் சென்ற ஆராய்ச்சியாளர்கள் குறித்தார்கள். போர்த்துக்கேய மொழியில் அதற்கு 'தெர்ரா பிரெத்தா', அதாவது கருமண், என்று பெயர். உடைந்த மட்பாண்டங்கள், மீன் முள், எலும்பு, மனிதர் வாழ்ந்த கழிவு, இவற்றோடு ஏராளமான கரி. சுற்றியுள்ள மண்ணில் இருப்பதைப்போல் 70 மடங்கு வரையிலும் கரி அதில் இருப்பதாகப் பிற்காலத்தில் அளந்திருக்கிறார்கள்.

இந்தக் கருமண்ணை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் விம் சோம்பிரூக் என்ற டச்சு நாட்டு மண்ணியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டச்சு நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது அவர் சிறுவன். முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சாம்பலும் தொழுவக் குப்பையும் சேர்த்துக் கருமையாக்கி வைத்திருந்த சிறு நிலமே அவருடைய குடும்பத்தைக் காத்தது. பின்னாளில் அமேசான் கருமண்ணைக் கண்டதும் அவருக்கு அந்த நிலம் நினைவில் எழுந்தது என்பர். 1966இல் அமேசான் மண்வகைகளைப் பற்றிய தம் நூலை அவர் வெளியிட்டார். பசியறிந்தவன் கண்ணுக்கே மண்ணின் அருமை புலப்படுகிறது போலும்!

கிழக்கே ஜப்பானில் இன்னும் எளிய முறை ஒன்று வளர்ந்தது. 1697இல் மியாசாகி யாசுசாதா என்பவர் எழுதிய வேளாண்மை நூலில், கழிவுப் பொருள்களைச் சுட்டுக் கரித்து, மனிதக் கழிவோடு கலந்து எருவாக்கும் முறை கூறப்பட்டிருக்கிறது. நெல் உமியைக் கரித்து நாற்றங்காலில் இடும் வழக்கமும் அங்கே பழமையானது. உமிக் குவியலின் நடுவே துளையிட்ட தகரக் குழாயை நிறுத்தி, அதன் அடியில் நெருப்பிடுவார்கள். சூடு பரவி உமி கருகிக்கொண்டே வரும். மேற்புறம் முழுதும் கறுத்தவுடன் நீர் ஊற்றி அணைத்துவிடுவார்கள். நம் வீட்டு உமிக்கரிக்கும் இதற்கும் செய்முறையில் பெரிய வேற்றுமை இல்லை. நாம் அதைப் பற்பொடியாக்கினோம். அவர்கள் நாற்றுக்கு மடியாக்கினார்கள்.

இனித் திருவிதாங்கூரின் கதையைக் கேட்போம். இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் உணவுப் பஞ்சம் மூண்டது. நாஞ்சில் நாட்டு நெல் ஒன்றைக்கொண்டு சமஸ்தானம் முழுவதற்கும் சோறிட இயலுமா? அப்போது திவானாக இருந்த சர் சி. பி. இராமசுவாமி ஐயரின் ஊக்கத்தால், திருச்சிராப்பள்ளியின் சேஷசாயி சகோதரர்கள் நிறுவனத்தார் ஆலுவாயை அடுத்த ஏலூரில் ஓர் உரத் தொழிற்சாலையை நிறுவ முன்வந்தார்கள். 1943இல் 'திருவிதாங்கூர் உரங்கள் மற்றும் இரசாயனங்கள்' என்ற கம்பெனி தோன்றியது. 'பாக்ட்' என்று சுருக்கமாக வழங்கும் அத்தொழிற்சாலை 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெரிய உரத் தொழிற்சாலை அது. அந்நாளைய பீகாரின் சிந்திரித் தொழிற்சாலை 1951இல்தான் எழுந்தது. தமிழகத்து முதலும் உழைப்பும் மலையாள மண்ணில் வேரூன்றிய நிகழ்ச்சி என்பதால் வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இதனை நினைவில் வைப்பது தகும்.

அங்கே ஒரு விந்தை இருக்கிறது. 1909இல் ஜெர்மானிய அறிஞர் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். அதற்கு ஹைட்ரஜன் வேண்டும். பிற நாடுகளில் நிலக்கரியிலிருந்து அதைப் பெற்றார்கள். திருவிதாங்கூரில் நிலக்கரி ஏது? காடுதான் உண்டு. ஆகவே விறகை வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து அம்மோனியா செய்தார்கள். ஆண்டுக்கு 10,000 டன் நைட்ரஜன் அளவுக்கு அம்மோனியம் சல்பேட் செய்யும் திறனோடு அத்தொழிற்சாலை தொடங்கியது. மலைக் காட்டின் மரம் ஆலைக்குள் புகுந்து, வெள்ளை உப்பாக வெளிவந்து, வயலில் விழுந்தது. விறகின் இடத்தைப் பின்னர் நாப்தாவும், நம் காலத்தில் இயற்கை வாயுவும் பிடித்துக்கொண்டன.

அந்த உரம் பல வயிறுகளை நிரப்பியது. அதைப் பழிப்பது நன்றியின்மை. ஆயினும் நெல் வயலில் இடும் தழைச்சத்து உரத்தில் பாதிக்கும் குறைவான பங்கே பயிரைச் சேருகிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது. எஞ்சியது அம்மோனியாவாக ஆவியாகிறது. நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்குகிறது. நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக வானில் ஏறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. உரம் மிகுதியாக இட்ட பகுதிகளில் அதனை மீறிய கிணறுகள் உண்டு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஒரு மூட்டை வாங்கி வயலில் இட்டவன், அரை மூட்டைக்கு மேல் பிறருக்குத் தீங்காகக் காற்றிலும் நீரிலும் கொட்டுகிறான் என்றால், அது அவன் குற்றமன்று. பிடித்து வைக்கத் தெரியாத மண்ணின் குறை, அந்த மண்ணை நாம் வைத்திருக்கும் நிலையின் குறை.

இங்கேதான் கரி வந்து நிற்கிறது. கரியின் நுண்துளைகள் நீரைத் தாங்கும். மண்ணில் கிடந்து நாட்பட நாட்பட அதன் மேற்பரப்பு பிராணவாயுவோடு சேர்ந்து, வே கண்ட வியாபாரியின் குணத்தைப் பெறுகிறது. அம்மோனியச் சத்தைப் பற்றி வைத்துப் பயிர் வேரிடம் கொடுக்கிறது. மண்ணின் புளிப்பையும் ஓரளவு தணிக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுவதையும் பெரும்பாலும் குறைக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சராசரியாகப் பாதிக்கு மேல் குறைவதாகக் கண்டது. பின்னர் வயலிலேயே செய்த சோதனைகளில் பயன் அதைவிடக் குறைவாகவே தெரிந்தது. 2017இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, வெப்ப நாடுகளில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்ததென்றும், குளிர் நாடுகளில் உயர்வே இல்லையென்றும் காட்டியது. சத்துக் கழுவப்பட்ட புளிப்பு மண்ணுக்கே இது மருந்து. நல்ல மண்ணுக்கு வேண்டாத மருந்து.

கறுப்பெல்லாம் வளமன்று என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. குட்டநாட்டில் 'கரி நிலம்' என்று ஒரு வகை வயல் இருக்கிறது. அடியில் பழங்காலத்து மரங்கள் புதைந்து கறுத்துக் கிடக்கும் நிலம். பெயரும் கரி, நிறமும் கரி. ஆனால் கந்தகப் புளிப்பு மிகுந்து பயிரை வாட்டுவது. கரியைத் தனியே புதிதாக இட்டாலும் இடர் உண்டு. வெறுங்கரி மண்ணிலுள்ள சத்தைத் தானே சிறிது காலம் ஈர்த்துக்கொண்டு பயிரைப் பட்டினி போடலாம். காரம் மிகுந்த கரியோடு யூரியாவைக் கலந்தால், மாடியில் நாம் கண்ட கதையே மறுபடி நடக்கும். ஆதலின் முதலில் தொழு எருவிலோ கோமியத்திலோ ஊறவைத்துப் பின்னரே இட வேண்டும். அமேசான் மக்கள் கழிவோடு சேர்த்ததும், ஜப்பானியர் மலத்தோடு கலந்ததும் இதனால் பொருள் பெறுகின்றன.

மற்றொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு ஹெக்டேர் வயலில் ஐந்து டன் நெல் விளைந்தால் ஏறத்தாழ ஒரு டன் உமி கிடைக்கும். அதைக் கரித்தால் சுமார் 350 கிலோ கரி மிஞ்சும். ஆய்வு நிலையங்களில் ஹெக்டேருக்கு ஐந்து டன்னும் அதற்கு மேலும் இட்டுச் சோதிக்கிறார்கள். ஐந்து டன் சேர்க்கவே ஒரு வயலின் பதினான்கு அறுவடை வேண்டும்! அதுவும் உமி முழுவதும் நமக்கே கிடைத்தால். உமியோ அரிசி ஆலைக் கொதிகலன்களுக்கு எரிபொருளாகப் போகிறது. கேரளத்தில் நெல் வயல்களே 1970களில் இருந்த எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேரிலிருந்து ஏறக்குறைய இரண்டு லட்சமாகச் சுருங்கிவிட்டன.

அப்படியானால் இது ஏட்டுச் சுரைக்காய்தானா? அன்று. பழைய வழக்கங்களை மீண்டும் உற்றுப் பாருங்கள். கொங்கணத்துக் குடியானவன் ராப் எரித்தது வயல் முழுவதிலுமா? இல்லை, நாற்றங்காலில். ஜப்பானியன் உமிக்கரி இட்டதும் நாற்றங்காலிலேயே. டச்சு நாட்டுத் தோட்டமும் வீட்டைச் சுற்றிய சிறு நிலம். கிடைப்பது சிறிது என்பதை உணர்ந்து, அதைப் பயிர் குழந்தையாக இருக்கும் இடத்தில் மட்டும் இட்டார்கள். நாற்றங்கால், தென்னை வைக்கும் குழி, எருக்குழி, தொழுவத்தின் தரை — இவ்விடங்களில் கரியை இடுவது இன்றும் இயலக்கூடியது. வரலாறு நமக்குத் தரும் உறுதியான பாடம் இதுவே என்று எண்ணுகிறோம்.

நம் நாட்டு ஆய்வாளர்களும் கிடைக்கும் பொருளைக்கொண்டே முயன்று வருகிறார்கள். 1955இல் பழைய அரண்மனையில் தொடங்கிய வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி ஸ்ரீவராகத்திலிருந்து தொலைவிலில்லை. நகரத் தெருக்களில் மலைபோல் குவியும் இளநீர்க் கூடுகளைக் கரியாக்கி அங்கே பயிர்களுக்கு இட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சீமைக் கருவேல மரத்தைக் கரியாக்கிச் சோதித்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், பருத்திமார் போன்ற கழிவுகளைக் கரிக்க எளிய சூளை ஒன்றை வகுத்திருக்கிறது. காட்டை வெட்டிக் கரி சுடுவது நோக்கமன்று. வீணாவதைக் கரியாக்குவதே நோக்கம்.

டில்லியில் வாழும் நேயர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கண்ணெரிச்சலோடு விழிப்பதை நாம் அறிவோம். பஞ்சாபில் ஆண்டுதோறும் ஏறக்குறைய இரண்டு கோடி டன் நெல் வைக்கோல் விளைகிறது. அதில் எரியும் பகுதியின் புகை தலைநகர் வரை வருகிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் ஐந்தரைக் கிலோ தழைச்சத்து உண்டு. அவ்வாறாயின், பதினெட்டு லட்சம் டன் வைக்கோல் எரிந்தால், ஏலூர்த் தொழிற்சாலை தொடக்கத்தில் ஓராண்டு முழுதும் விறகெரித்துச் செய்த தழைச்சத்து அவ்வளவும் புகையாகிறது. பஞ்சாபின் வைக்கோலில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வோல்க்கர் வறட்டிப் புகையில் கண்ட இழப்பு இன்னும் நின்றபாடில்லை. இடம்தான் அடுப்பிலிருந்து வயலுக்கு மாறியிருக்கிறது.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு ஊரில் நிலம் இருக்கிறது, உழுபவர் வேறொருவர். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊர் செல்லும்போது, நாற்றங்காலுக்கு ஒரு கூடை உமிக்கரி கலந்த எரு இட்டுப் பார்க்கலாமே என்று ஒரு சொல் சொல்லலாம். நிலமில்லாதவர்க்கு மாடித் தொட்டி போதும். நாமும் அந்த வெண்டைத் தொட்டிகளை மறுபடி நிரப்பினோம். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய உமிக்கரியைப் பழைய சாணத்தில் ஒரு மாதம் ஊறவைத்து, மண்ணோடு கலந்து இட்டோம். இம்முறை நெடி எழவில்லை, இலையும் கருகவில்லை. காய் மிகுந்ததா என்றால், இரண்டு தொட்டியைக்கொண்டு முடிவு கூற நாம் விஞ்ஞானிகள் அல்லோம். அடுத்த வீட்டு அம்மையார் மட்டும் ஒரு பிடி வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு, "உமிக்கரி பல் தேய்க்க அல்லவோ?" என்று சிரித்தார். பல்லுக்கும் ஆகும், பயிருக்கும் ஆகும் என்று அவருக்கு விடையளித்தோம்.